விலை மட்டும் கேட்பவள்

ஐந்தாம் தேதி கீழமாசி வீதி.
ஆறாம் தேதி நெல்பேட்டை, முட்டையும் கருவாடும்.
ஏழாம் தேதி விளக்குத்தூண்:
ஆண்கள் பனியன், வெள்ளை, கை வைத்தது,
போன மாதம் கேட்ட அதே கம்பெனி, அதே அளவு,
இல்லையென்றால் ஏன் இல்லை.

ஆறு வருடமாகக் கேட்கிறேன்.
கேட்ட கடையில் ஒருநாளும் வாங்கியதில்லை.
"விலைக்காரம்மா வந்துருச்சு" என்று
அட்டைகளுக்குப் பின்னாலிருந்து கத்துவார்
முட்டைக்கடை ஜைலானி.
முதல் வருடம் என்னை வரி ஆபீஸ் என்று நினைத்து
எல்லாவற்றையும் குறைத்துக் குறைத்துச் சொன்னவர்.

டேப்லெட் சாதுவான பொருள்.
விலை ரொம்ப ஏறினால் மட்டும் சிவந்துபோய்க்
காரணம் கேட்கும்.
ஒன்று பருவம், இரண்டு வரத்து,
மூன்று வரி, நான்கு மற்றவை.
மாட்டுத்தாவணியில் தக்காளிக்காரி சொன்னவை:
ஒட்டன்சத்திரத்தில் மழை,
வண்டிக்காரர் மகளுக்குக் காதுகுத்து,
இறக்குகூலி பெட்டிக்கு ரெண்டு ரூபாய் கூட,
"அப்புறம் எனக்கும் கொஞ்சம் வேணும்ல."
நான்கை அழுத்தினேன்.

ஐந்து ரூபாய் பிஸ்கட் இன்றும் ஐந்து ரூபாய்தான்.
பாக்கெட்டைத் திருப்பி
எடை போட்டிருக்கும் பொடி எழுத்தைப் படிக்கத்தான்
போன வருடம் கண்ணாடி வாங்கினேன்.
கண்ணாடியின் விலையை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பயிற்சி வகுப்பில் ஒருவர் பலகையில் எழுதிக் காட்டினார்:
நாடு சம்பாதித்ததில்
விலை ஏறியதைக் கழித்தால்
மிஞ்சுவதுதான் வளர்ச்சி.
அன்று பிடித்தது இந்தப் பயம்.
கத்தரிக்காய்க்கு ஒரு ரூபாய் நான் கூட்டி எழுதினால்
நாடு ஒரு மயிரிழை குட்டையாகிவிடும்.

என் எண்கள் ரயிலேறாமல் டெல்லி போகும்.
ஊர் ஊராய் வந்த எண்களோடு கலந்து
அகவிலைப்படியாகத் திரும்பி வரும்,
மாடிவீட்டு நாகேந்திரன் சாருக்கு.
மின்வாரியம். "மூணு பர்சன்ட்" என்று லட்டு தந்தார்.
அடுத்த மாதம் என் வாடகையில் ஐந்நூறு ஏற்றினார்.
என் வீடு கணக்கெடுப்பில் விழவில்லை.
என் சம்பளம் தொகுப்பூதியம்,
அதற்கு எண்களோடு பேச்சுவார்த்தை கிடையாது.

தை மாதம் தங்கப்பழம் அண்ணாச்சி கடை பூட்டியிருந்தது.
மாசியிலும். பங்குனியிலும்.
மூன்று மாதம் பூட்டினால் வேறு கடை எடு என்பது விதி:
பக்கத்தில், அதே மாதிரி.
பக்கத்தில் இருந்தது.
அதே மாதிரி இல்லை.
கதவு தானாகத் திறந்தது, ஏசி முகத்தில் அடித்தது,
"என்ன வேணும் மேடம்" என்று கேட்கவே ஆளில்லை.
துவரம்பருப்பு, முதல் ரகம், கிலோவுக்கு ஒன்பது ரூபாய் குறைவு.
அம்புக்குறி பச்சையாகிக் கீழே பார்த்தது.
மேற்பார்வையாளர் போன் செய்தார்.
"நல்லா குறைஞ்சிருக்கே, என்னம்மா காரணம்?"
அண்ணாச்சிக்கென்று எண் ஒதுக்கியிருக்கவில்லை.
நான்கு சார், என்றேன்.

சித்திரையில், பெரியார் நிலையத்தில்,
மகள் வீட்டுக்குப் போகிறவர்
என்னைப் பார்த்ததும் கேட்டார்:
"துவரை என்ன போகுது?"
சொன்னேன், பைசா சுத்தமாக.
உதடு அசையப் பெருக்கிப் பார்த்தார்.
"எனக்குக் கொள்முதலே அதுக்கு மேல வந்துச்சேம்மா."
கொள்முதல் என் படிவத்தில் இல்லை.
திருமங்கலம் பஸ் வந்ததும்
சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

வில்லாபுரத்தில் இறங்கி
விலை கேட்காமல்
அரைக்கிலோ தக்காளி என்றேன்.
ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினேன்.
அவன் தந்த மீதியில்
விலை தெரிந்துவிட்டது.